“சார் சொன்னார் என்று கையெழுத்துப் போடலாமா?”: ஒரு புதிய செயலாளரின் கேள்வியும் பதிலும்

கடலோர டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 36. பதினோரு வருடங்களுக்கு முன்பு ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்தவர், சென்ற ஆண்டிலிருந்து அதன் செயலாளர். 1994-இல் சங்கமாகப் பதிவான நிறுவனம் அது. ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு அதைத் தொடங்கியவரை எல்லோரும் ‘சார்’ என்றுதான் அழைக்கிறார்கள். அவருக்கு இப்போது 73 வயது. சர்க்கரை நோய், கண் பார்வைக் குறைவு. “இனிமே நீதான்மா பாத்துக்கணும்” என்று சொல்லிப் பொறுப்பைக் கொடுத்தார். ஆனால் காலையில் இவர் எடுக்கும் முடிவைச் சாயங்காலம் பணியாளர்களுக்கே போன் செய்து மாற்றிவிடுகிறார்.

நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர்கள் ஒன்பது பேர். மாலை நேர மையங்களில் பாடம் சொல்லித்தரும் 14 பெண்களுக்கு மாதம் 2,500 ரூபாய் மதிப்பூதியம். முன்பு ஒரு பெரிய தொண்டு நிறுவனம் தனக்கு வந்த வெளிநாட்டு நிதியில் இவர்களுக்கும் ஒரு பகுதி தந்துவந்தது. அது 2020-க்குப் பிறகு நின்றுவிட்டது. இப்போது ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பணத்தில் இரண்டு வருடத் திட்டம் ஓடுகிறது. தினமும் இடக்குறிப்போடு போட்டோ எடுத்து, இரவு 9 மணிக்குள் செயலியில் ஏற்ற வேண்டும். நான்கு மாதத்தில் இரண்டு இளைஞர்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். 52 வயதுள்ள மூத்த களப்பணியாளர் அக்கா, செயலி பிடிபடாமல் அலுவலகத்திலேயே அழுதுவிட்டார்.

இதற்கிடையே இரண்டு நெருக்கடிகள். கொரோனாவுக்குப் பிறகு பொதுக்குழு கூடவே இல்லை. கம்பெனி இப்போது பழைய தீர்மானங்களைக் கேட்கிறது. 2022, 2023 தேதியிட்டு எழுதிய தீர்மானப் பக்கங்களில் இவரைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் சார். அந்தத் தேதிகளுக்கு முன்பே இறந்துவிட்ட ஒரு குழு உறுப்பினரின் பெயருக்கு எதிரே ‘விடுப்பு’ என்று எழுதச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது, மைய ஆசிரியைகளுக்கு இரண்டு மாத மதிப்பூதியம் பாக்கி. கணக்குப் பார்க்கும் சாரின் அக்கா மகன், “சி.எஸ்.ஆர். பணத்துல எடுத்துக் குடுப்போம், அப்புறம் திருப்பி வெச்சுக்கலாம்” என்கிறார். சங்கத்தை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு டிரஸ்ட் தொடங்கினால் இந்தத் தொல்லையெல்லாம் இருக்காது என்றும் சொல்கிறார்.

கடிதத்தின் கடைசி வரி: “எனக்குத் தலைமைப் பண்பு இல்லையோ என்று தோன்றுகிறது. ஏதாவது பயிற்சிக்குப் போகட்டுமா, இல்லை விலகிவிடட்டுமா?”

அன்புச் சகோதரிக்கு,

இறந்தவர் பெயருக்கு எதிரே ‘விடுப்பு’ என்று எழுத உங்கள் கை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று இரவு தூங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தலைமைப் பண்பு இல்லாதவருக்கு அந்த இரவு வந்திருக்காது. எனவே உங்கள் கடைசிக் கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அவசரமானவை இரண்டு இருக்கின்றன, அவற்றை முதலில் பார்ப்போம்.

அந்தத் தீர்மானப் பக்கங்கள்

கையெழுத்துப் போடாதீர்கள். “சார் சொல்லித்தான் போடுகிறேன், பொறுப்பு அவருடையதுதானே” என்று நினைக்கிறீர்கள். அது தவறான எண்ணம். ஆவணத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து, நாளை பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். சார் உங்களிடம் வாயால் சொன்னதற்கு எந்தச் சான்றும் இருக்காது. சங்க வழக்குகள் எனக்குப் புதிதல்ல. வேறொரு மாவட்டத்தில் ஒரு சங்கம் இரண்டு அணியாகப் பிரிந்து நீதிமன்றம் வந்தபோது, தீர்மானப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள். ஒரு கூட்டத்தில் கையெழுத்திட்டிருந்தவர் அதே தேதியில் அறுவைச் சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் படுத்திருந்தது தெரியவந்தது. அந்த ஒரு பக்கத்தால், உண்மையாக நடந்த கூட்டங்களையும் யாரும் நம்பவில்லை. செயலாளராக இருந்தவர் ஒரு ரூபாய்கூட எடுக்காதவர். ஆனாலும் நான்கு வருடம் நீதிமன்றத்துக்கு அலைந்தார்.

நேர்வழி ஒன்று இருக்கிறது. அது நீங்கள் பயப்படும் அளவுக்குக் கடினமும் இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறை பொதுக்குழு கூட வேண்டும். கணக்கையும் குழு மாற்றத்தையும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் இவற்றைத் தவறவிட்டிருக்கிறீர்கள். உங்களைப் போல எத்தனையோ சங்கங்கள் கொரோனா காலத்தில் தவறவிட்டன. அதைச் சரிசெய்ய, இப்போதைய தேதியில், துணைவிதியில் சொன்னபடி முறையான அறிவிப்பு கொடுத்துப் பொதுக்குழுவைக் கூட்டுங்கள். “இன்னின்ன ஆண்டுகளில் கூட்டம் நடைபெறவில்லை, அந்த ஆண்டுகளின் தணிக்கை செய்த கணக்குகள் இன்று வாசிக்கப்பட்டு ஏற்கப்பட்டன” என்று உள்ளதை உள்ளபடி தீர்மானமாக எழுதுங்கள். இறந்தவருக்கு இரங்கல் தீர்மானம் போடுங்கள், இத்தனை வருடம் கூட இருந்தவருக்கு அதுதான் மரியாதை. புதிய குழுவைத் தேர்ந்தெடுத்து, படிவம் 7-ஐ நிரப்பிப் பதிவாளரிடம் கொடுங்கள். தாமதத்துக்குக் கட்டணம் கேட்பார்கள், விளக்கம் கேட்பார்கள். இரண்டையும் கொடுத்துவிடலாம்.

கம்பெனி என்ன சொல்லும் என்று பயப்படுகிறீர்கள். அவர்களிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: “கொரோனாவுக்குப் பிறகு பொதுக்குழு கூடவில்லை, இந்தத் தேதியில் கூட்டுகிறோம், பதிவாளரிடம் தாக்கல் செய்த நகலை இந்தத் தேதிக்குள் அனுப்புகிறோம்.” கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். பொய்த் தீர்மானம் பின்னால் தெரியவந்தால் முகச்சுளிப்போடு நிற்காது, திட்டமே நின்றுவிடும்.

அந்தப் பணம் யாருடையது

சி.எஸ்.ஆர். பணத்தை எடுத்து மதிப்பூதிய பாக்கியைக் கொடுப்பதில் தவறென்ன, பசித்தவருக்குத்தானே கொடுக்கிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனம் புரிகிறது. ஆனால் அந்தப் பணம் ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்டது. நிறுவனங்கள் சட்டம், 2013-இன் 135-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட வரம்பை எட்டிய கம்பெனிகள் தங்கள் மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கொடுத்த பணம் அனுமதித்த வேலைக்கே செலவானது என்று அந்தக் கம்பெனியின் தலைமை நிதி அதிகாரி சான்றளிக்க வேண்டும். நீங்கள் வேறு செலவுக்கு எடுத்தால், யாரோ ஒருவரை அறியாமலே பொய்ச் சான்று கொடுக்க வைக்கிறீர்கள். “திருப்பி வைத்துவிடலாம்” என்பதும் நடக்காத காரியம். எங்கிருந்து வைப்பீர்கள்? அடுத்த தவணையிலிருந்துதானே. அந்தத் தவணை தாமதமானால் அதே குழி இன்னும் ஆழமாகும்.

வழிகள் வேறு இருக்கின்றன. முதலில், சங்கத்தின் பொது நிதியில் என்ன மீதி இருக்கிறது என்று பாருங்கள். நன்கொடை, உறுப்பினர் சந்தா, வங்கி வட்டி எல்லாம் அதில் வரும். குழுத் தீர்மானத்தோடு அதிலிருந்து ஒரு மாத பாக்கியையாவது கொடுக்கலாம். அடுத்து, கம்பெனிக்கு எழுதுங்கள். மைய ஆசிரியைகளின் செலவைத் திட்ட பட்ஜெட்டில் சேர்க்க முடியுமா, ஒரு தலைப்பில் மிஞ்சுவதை இன்னொன்றுக்கு மாற்ற முடியுமா என்று முறையாகக் கேளுங்கள். எழுத்தில் அனுமதி வந்தால் அதே பணத்தை நிமிர்ந்து செலவு செய்யலாம்.

மார்ச் மாதத்துக்கு முன் கம்பெனிக்காரர்கள் ஏன் அப்படி அவசரப்படுத்துகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். தொடர் திட்டத்தில் நிதியாண்டு முடிவில் மிஞ்சிய பணத்தை 30 நாளுக்குள் தனிக் கணக்குக்கு மாற்றியாக வேண்டும். தொடர் திட்டம் இல்லையென்றால் சட்டம் குறிப்பிட்ட நிதிகளுக்கு ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதனால்தான் ஜனவரி பிறந்ததும் செலவுக் கணக்கு கேட்டுத் துரத்துகிறார்கள். இது தெரிந்தால் நீங்கள் நவம்பரிலேயே உட்கார்ந்து பேசலாம்.

அப்புறம், பாக்கி இருக்கும் அந்த 14 பெண்களை நேரில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வங்கியில் எவ்வளவு இருக்கிறது, எப்போது வரும், வராவிட்டால் என்ன செய்யப்போகிறோம் என்று. இப்போது அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ‘கம்பெனி பணம் வந்துவிட்டது, நமக்கு மட்டும் தரவில்லை’ என்பதுதான். மாதத்துக்கு ஒரு நாள் ஒரே ஒரு தாளில் வரவு, செலவு, மீதி எழுதி எல்லாப் பணியாளர் முன்பும் வாசித்துக் காட்டும் வழக்கத்தை உங்கள் காலத்தில் தொடங்குங்கள். சார் காலத்தில் கணக்கு அவர் மனதில் இருந்தது. அவரை நம்பினார்கள், அது போதுமாக இருந்தது. உங்களுக்கு அந்தத் தாள் வேண்டும்.

வேலை மாறிவிட்டது, உங்கள் திறமை குறையவில்லை

“சார் இருந்தபோது எல்லாம் நன்றாக நடந்தது, நான் வந்ததும் சரிகிறது” என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்ணத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2020 செப்டம்பரில் வெளிநாட்டு நிதிச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரு நிறுவனம் தனக்கு வந்த வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுப்பது அத்தோடு நின்றது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. உங்களைப் போலப் பெரிய நிறுவனத்தின் நிழலில் இருந்த சின்னச் சங்கங்களுக்கு அன்றே பணம் நின்றது. 2021 ஏப்ரலிலிருந்து சி.எஸ்.ஆர். பணம் வாங்க மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிவு வேண்டும், வருமான வரித் துறையின் 12ஏ (நிறுவனத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை) பதிவுகளும் வேண்டும் என்று வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியது. உங்கள் மையங்களுக்கு வந்துகொண்டிருந்த அதே பிள்ளைகளுக்கு, அதே மாலை நேரத்தில், தன்னார்வலர்கள் பாடம் எடுத்தார்கள். நீங்கள் ஒருகாலத்தில் வீடுவீடாகப் போய் உருவாக்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களை ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகள் பார்த்துக்கொள்கின்றன. குழுப் பெண்களே நடத்துகிறார்கள் என்ற வகையில் அது நல்லதுதான். ஆனால் உங்கள் நிறுவனத்துக்கு இருந்த பாதி வேலை போய்விட்டது.

இத்தனையும் நீங்கள் செயலாளராவதற்கு முன்பே நடந்தவை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உங்கள் கரையோரத்தில் உதவி குவிந்தபோது, ஒரு கடிதம் எழுதினால் மூன்று வருடத்துக்குப் பணம் வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சார் அந்தக் காலத்தின் தலைவர், அந்தக் காலத்துக்கு வேண்டியதை அவர் சிறப்பாகச் செய்தார். இன்று அவரே செயலாளராக இருந்தாலும் திணறியிருப்பார். சொல்லப்போனால், அதை உணர்ந்துதான் உங்களிடம் கொடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

அக்காவும் செயலியும்

இளைஞர்கள் விலகியதற்கு ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மை இல்லை’ என்று சார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் பாதி ஒப்புக்கொள்கிறீர்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. காலை ஒன்பது மணிக்கு ஊருக்குப் போய், மாலை மையம் முடித்து, இரவு 9 மணி வரை போட்டோ ஏற்றிக்கொண்டிருக்கும் வேலை அது. சம்பளம் 11,000 ரூபாய், பெட்ரோல் கைக்காசு. இதை விட்டுப் போனவரிடம் சேவை மனப்பான்மையைத் தேடுவது நியாயமில்லை.

இங்கே நீங்கள் கம்பெனியோடு பேச வேண்டும். தினசரி அறிக்கையை வாரம் இருமுறையாக மாற்றக் கேளுங்கள். தர முடியாது என்றால், அறிக்கைக்கான நேரத்தை வேலை நேரத்துக்குள் வையுங்கள். மாலை மையத்துக்குப் போகும் நாளில் காலையில் தாமதமாக வரலாம் என்று விதியாக்குங்கள். பெட்ரோல், இணையக் கட்டணம் இரண்டையும் அடுத்த பட்ஜெட்டில் தனித் தலைப்பாகப் போடுங்கள். பெரும்பாலான கம்பெனி அதிகாரிகள் இதைக் கேட்டால் கொடுக்கிறார்கள். கேட்பவர்கள்தான் குறைவு. அந்த அதிகாரி ஆங்கிலத்தில் பேசும்போது உங்களுக்கு வாய் வரவில்லை என்கிறீர்களே, “சார், தமிழிலேயே பேசலாமா?” என்று கூட்டத்தின் தொடக்கத்திலேயே கேளுங்கள். களத்தைப் பற்றி அந்த அறையில் அதிகம் தெரிந்தவர் நீங்கள்.

அக்காவை இழந்துவிடாதீர்கள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் வலை பின்னிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எந்தச் செயலியிலும் அது இல்லை. அவரோடு ஒரு இளம் பணியாளரை இணையாகப் போடுங்கள். அக்கா வீடுகளுக்குப் போய்ப் பேசட்டும், இவர் பதிவு செய்யட்டும். ஆறு மாதத்தில் இளையவருக்கு ஊர் தெரிந்துவிடும், அக்காவுக்குப் போனும் ஓரளவு பழகிவிடும். முக்கியமாக, ‘செயலி தெரியாதவர்’ என்று அவரைக் கூட்டத்தில் யாரும் சொல்ல அனுமதிக்காதீர்கள்.

போட்டோ விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பிள்ளைகளின் முகம், ஊர்ப்பெயர், இடக்குறிப்பு மூன்றும் சேர்ந்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவது ஆபத்து. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் விவரத்துக்குப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. சட்டத்தின் எல்லாப் பகுதிகளும் முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பெற்றோரிடம் தமிழில் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிவிடுங்கள், முகம் தெரியாமல் பின்னாலிருந்து எடுத்த படம் போதுமா என்று கம்பெனியிடம் கேளுங்கள்.

‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’

இந்த வாக்கியத்தை நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு இரண்டு சட்டங்களை இது மறைக்கிறது. மையப் பெண்களுக்குக் கொடுப்பது மதிப்பூதியம், அதனால் அவர்கள் பணியாளர் கணக்கில் வரமாட்டார்கள் என்று நினைக்கிறீர்கள். சட்டம் பெயரைப் பார்த்து மட்டும் முடிவு செய்வதில்லை, வேலையின் தன்மையையும் பார்க்கும். அங்கன்வாடிப் பணியாளர்கள் வாங்குவதும் மதிப்பூதியம்தான். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் 14 பேரின் நிலை அப்படியே அதுவாகிவிடும் என்று சொல்லவில்லை. ஒன்பதும் பதினாலும் சேர்த்து 23 பேர். வருங்கால வைப்பு நிதிக்கான வரம்பு 20 பேர். யார் கணக்கில் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடம் ஆவணங்களோடு உட்கார்ந்து கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. குறைந்தபட்சம் ஒவ்வொருவருக்கும் எழுத்தில் பணி நியமனக் கடிதம் கொடுங்கள்.

இன்னொன்றில் ஐயத்துக்கே இடமில்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, சம்பளம் வாங்காத தன்னார்வலரையும் பணியாளர் என்றே கணக்கிடுகிறது. 10 பேருக்கு மேல் இருக்கும் உங்கள் நிறுவனத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம் இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் பணியாளர், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். அபராதத்தை விடுங்கள். இருட்டிய பிறகு மையத்தைப் பூட்டிவிட்டுத் தனியாக நடந்து வரும் அந்தப் பெண்களுக்கு ஏதாவது நேர்ந்தால் யாரிடம் சொல்வார்கள்? குடும்பத்தில் பெரியவரிடம் சொல்லத் தயங்கும் விஷயம் அது.

டிரஸ்ட் யோசனை

புதிய டிரஸ்ட் தொடங்கினால் தேர்தல் இல்லை, பதிவாளர் இல்லை என்பது ஓரளவு உண்மை. ஆனால் சங்கத்தின் சொத்தும் பெயரும் அனுபவமும் தானாக அதற்குப் போகாது. சங்கச் சொத்தை உறுப்பினர்கள் தங்களுக்குள் எடுத்துக்கொள்ள முடியாது, கலைத்தாலும் பங்குபோட முடியாது. புதிய டிரஸ்டுக்கு வருமான வரிப் பதிவுகளையெல்லாம் புதிதாக வாங்க வேண்டும். சி.எஸ்.ஆர். பதிவுக்கு மூன்று ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். அதுவரை சம்பளத்துக்கு என்ன வழி? டிரஸ்டிகள் யார் யார் என்ற பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் பெயர் எங்கே இருக்கிறது, மீனவப் பெண்கள் யாராவது அதில் இருக்கிறார்களா என்று பாருங்கள். அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

சாரோடு பேசுவது

உங்கள் கடிதத்தில் என் மனதைத் தொட்ட இடம், 1996-இல் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் சார் தன் மனைவியின் நகையை விற்றார் என்ற வரி. அப்படிப்பட்டவரிடம் எப்படி ‘முடியாது’ என்று சொல்வது என்று கேட்கிறீர்கள். நீங்கள் எதிர்கொள்வதில் கடினமானது சட்டங்களல்ல, இந்த உரையாடல்தான்.

குழுக் கூட்டத்தில் பேசாதீர்கள், அவருக்கு அவமானமாகிவிடும். அவர் அக்கா மகன் இல்லாத ஒரு மாலை நேரம் வீட்டுக்குப் போங்கள். அவர் மனைவியும் கூட இருக்கட்டும். தீர்மானப் பக்கங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இப்படிச் சொல்லுங்கள்: “சார், இதுல நான் கையெழுத்துப் போட்டா முப்பது வருஷமா நீங்க சேத்து வெச்ச பேரு ஒரு நாள்ல போயிடும். பொதுக்குழுவ முறையாக் கூட்டுறேன். நீங்க வந்து முன்வரிசையில உக்காருங்க.” அவர் கோபப்படலாம். பதிலுக்கு விளக்கம் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அன்றே ஒப்புக்கொள்ள மாட்டார். மூன்று நாள் கழித்து மறுபடி போங்கள்.

பணியாளர்களுக்கு நேரடியாகப் போன் செய்வது பற்றி அவரிடம் குறையாகச் சொல்லாமல், ஏற்பாடாகச் சொல்லுங்கள். தினமும் காலை எட்டரைக்கு நானே உங்களுக்குப் போன் செய்கிறேன், அன்றைய வேலையைச் சொல்கிறேன், மாற்றம் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள் என்று. 73 வயதில், காலையில் எழுந்ததும் அலுவலகத்தில் என்ன நடக்கிறதென்றே தெரியாமல் இருப்பது முப்பது வருடம் நடத்தியவருக்குத் தாங்க முடியாத விஷயம். பாதி போன்கள் அதனால்தான் வருகின்றன. அதே நேரம் பணியாளர்களிடமும் சொல்லிவிடுங்கள்: சார் போன் செய்தால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், என்னிடம் சொன்ன பிறகு செய்யுங்கள்.

பிறகு ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். எந்த முடிவைச் செயலாளரே எடுக்கலாம், எது குழுவுக்குப் போக வேண்டும், எதில் சாரின் ஆலோசனை கேட்க வேண்டும். எத்தனை ரூபாய் வரை உங்கள் அதிகாரம், ஆள் எடுப்பது நீக்குவது யார், வங்கியில் எந்த இருவர் கையெழுத்து என்பதெல்லாம் அதில் வரட்டும். பொதுக்குழுவில் அதைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். சாருக்கு ‘நிறுவனர் ஆலோசகர்’ என்ற இடத்தை அதே தீர்மானத்தில் கொடுங்கள். கௌரவம் முழுமையாக இருக்கட்டும், கையெழுத்து அதிகாரம் வேண்டாம்.

அவரிடமிருந்து நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. மையம் நடக்கும் கட்டடத்தின் சொந்தக்காரர் வாய்மொழியாகத்தான் இடம் தந்திருக்கிறார் என்றீர்கள். எந்த ஊர்ப் பஞ்சாயத்தில் யாரை முதலில் பார்க்க வேண்டும், எந்தப் பழைய சண்டையால் எந்தத் தெருப் பிள்ளைகள் வருவதில்லை என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். நான்கைந்து மாலைகள் அவரோடு உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இளம் பணியாளர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நாளை உங்கள் இடத்துக்கு வர ஒருவர் வேண்டும், அவரை இப்போதே பழக்கத் தொடங்கலாம்.

புதிய நிர்வாகக் குழுவில் மையத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்களில் இருவரையாவது சேருங்கள். துணைவிதியில் உறுப்பினர் தகுதி என்ன என்று பார்த்து, முதலில் அவர்களைச் சங்க உறுப்பினராக்க வேண்டும். சிங்கப்பூரில் இருப்பதாக நீங்கள் எழுதிய குழு உறுப்பினர் விலகல் கடிதம் அனுப்பட்டும். கூட்டத்தில் கடைசியில் பேசுபவர்களை முதலில் பேச வையுங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் நேராக யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். நீங்கள் கேட்ட தலைமைப் பயிற்சிக்குப் பின்னால் போகலாம், ஆட்சேபணை இல்லை. இந்த ஒரு பொதுக்குழுவை முறையாக நடத்தி முடித்துவிட்டுப் போனால், அங்கே சொல்வது உங்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

விலகுவதென்றால்

சார் ஒப்புக்கொள்ளவில்லை, குழுவில் பெரும்பான்மையும் அவர் பக்கம், பழைய தேதிப் பக்கங்கள் வேறொருவர் கையெழுத்தோடு போகத்தான் போகின்றன என்ற நிலை வந்தால் நீங்கள் விலகலாம். அது தோல்வி இல்லை. ஆனால் அலுவலகத்துக்குப் போகாமல் நின்றுவிடுவது விலகல் ஆகாது. பதிவாளரிடம் உள்ள பட்டியலில் உங்கள் பெயர் இருக்கும் வரை கேள்வி உங்களிடம்தான் வரும். தேதியிட்ட விலகல் கடிதத்தைத் தலைவருக்கும் எல்லாக் குழு உறுப்பினர்களுக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, வங்கிக்கும் எழுதி, குழு மாற்றம் பதிவாளரிடம் தாக்கலாகும் வரை பின்தொடருங்கள். காரணத்தை ஒரு வரியில் எழுதினால் போதும், யாரையும் குற்றம் சாட்ட வேண்டாம்.

அந்த நிலை வராது என்றே நினைக்கிறேன். நகையை விற்றுச் சம்பளம் கொடுத்தவர், உண்மையை நேரில் வந்து சொல்லும் ஒருவரை நெடுநாள் தள்ளிவைக்க மாட்டார்.

இந்த வாரம் மூன்று வேலைகள். பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, கடைசியாகத் தாக்கலான குழுப் பட்டியலின் நகலையும் துணைவிதியின் நகலையும் வாங்குங்கள். ஆடிட்டரிடம் பொது நிதி, திட்ட நிதி இரண்டின் மீதியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அந்தத் தீர்மானப் பக்கங்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, எதையும் கிழிக்காமல், எதையும் திருத்தாமல் சாரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.